ஏப்ரல் 14 ராத்திரி யார் வீட்டில் சாப்பாடு?

தோழர்களே,

வருகிற ஏப்ரல் 14 ராத்திரி பாரூரில் என்ன சமைப்பது என்று ஒரு பிரச்சினை கிளம்பியிருக்கிறது. பகலில் சிலைக்கு மாலை, ஊர்வலம், கூட்டம் எல்லாம் வழக்கம்போல. ராத்திரிதான் காலனியில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் அடுப்பு மூட்டும். சொந்தபந்தங்கள், ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், வெளியூர்த் தோழர்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற ராத்திரி அது. போன வாசகர் சந்திப்பில் ஒரு மாணவர் எழுந்து, "அண்ணா, இந்தத் தடவை வெஜிடபிள் பிரியாணி போட்டுடலாம். ஊர்ப்பக்கத்துத் தோழர்களும் வர்றாங்க. பெரிய கறின்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். எல்லாரும் சாப்பிடற மாதிரி இருக்கணுமில்ல?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அதில் இயக்கத்திலேயே தலை நரைத்தவரும் ஒருத்தர்.

அந்த 'எல்லாரும்' என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தத் தலையங்கம். எல்லாம் தின்கிறவன் விட்டுக்கொடுக்கணும், சிலதை மட்டும் தின்கிறவன் விட்டுக்கொடுக்க வேண்டாம், அப்படி நடந்தால் அதற்குப் பேர் 'எல்லாருக்குமான' சாப்பாடு. கல்யாண மண்டபத்தில், கல்லூரி விடுதியில், ஆபீஸ் பிரிவு உபசார விருந்தில் இந்தக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வங்கியில் எழுத்தர். மதியம் மேசைமேல் எல்லாரும் டப்பாவைத் திறந்து வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவோம். தயிர்சாதம் சுற்றி வரும், எலுமிச்சைச் சாதம் சுற்றி வரும். என் டப்பாவில் என்ன இருக்கிறது என்று வாசனை சொல்லிவிட்ட நாளில் மட்டும் மேசை திடீரென்று அகலமாகிவிடும். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நாற்காலிகள்தான் நகரும். அந்த மேசையின் சட்டத்தை நம்ம சேரிக்குள்ளேயே, அதுவும் பாபாசாகேப் பிறந்த நாளன்று, நாமே கொண்டுவந்து அமலாக்கணுமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. 'பெரிய கறி' என்று சொல்வதே ஒரு சங்கேத பாஷை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் புரியக்கூடாது என்று நாம் பழகிக்கொண்ட வார்த்தை. இனிமேல் இதில் மாட்டுக்கறி என்றே எழுதுகிறேன்.

நம்ம பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கிடக்கிற மண். பாரூர், போச்சம்பள்ளிப் பக்கம் சித்திரை ஒன்று வருஷப் பிறப்பு என்றால், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் யுகாதிதான் வருஷப் பிறப்பு. வேப்பம்பூவும் வெல்லமும் முதலில் வாயில் போடணும். அப்புறம் பூரணம் வைத்துத் தட்டின ஒப்பட்டு, பருப்பு வேகவைத்த தண்ணீரில் சாறு. அன்றைக்குச் சைவம். மறுநாள் 'ஹொசதொடகு', அதாவது புதுசாத் தொடங்குகிற நாள், கறி நாள். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகக் கிராமங்களில் இதற்கென்று முன்கூட்டியே சீட்டுக் கட்டிப் பணம் சேர்ப்பார்கள். ஆடு வாங்கி அறுத்து, பங்குதாரர்களுக்குக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். 'குட்டெ மாம்ச' என்று பேர். குவியல் கறி. நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு உயிரைப் பகிர்ந்துகொள்கிற அழகான ஏற்பாடு என்று பத்திரிகைகள் எழுதும், படம் போடும். அழகான ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

அதையேதான் நம்ம சேரியில் 'கூறு' என்கிறோம். மாடு ஒன்றைப் பத்து வீடு சேர்ந்து வாங்கும். தராசு கிடையாது. தரையில் இலையோ கோணியோ விரித்துக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், ஒரு பிடி கொழுப்பு, போட்டியில் ஒரு பங்கு. எந்தக் கூறு யாருக்கு என்று கூறு போட்டவனுக்கே தெரியாது. அதனால்தான் கூறு சமமாக இருக்கும். ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் அதே கூறு. இதைவிடப் பெரிய ஜனநாயகத்தை நான் எந்தச் சங்கத் தேர்தலிலும் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டுக் குவியல் 'மரபு', மாட்டுக் கூறு 'அசிங்கம்'. பிரிக்கிற முறையில் ஒரு வித்தியாசமும் இல்லை, பிரிக்கிற கைதான் வேறே.

ஆட்டையும் அவர்கள் சும்மா விடவில்லை. 2022-இல் ஏப்ரல் 2 யுகாதி. ஹொசதொடகுக்கு ஹலால் கறி வாங்காதே என்று கர்நாடகத்தில் இந்துத்துவ அமைப்புகள் பிரச்சாரம் செய்தன. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் கடையில் வாங்கித் தின்ற வாயிடம், அறுத்தவன் மதத்தைக் கேட்டுத் தின்னு என்றார்கள். அடுத்த மாசமே இந்தப் பக்கம், நம்ம பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தது. ஆட்டுப் பிரியாணி உண்டு, கோழி உண்டு, ஆம்பூரில் தெருவுக்குத் தெரு விற்கிற மாட்டுக்கறிப் பிரியாணி மட்டும் கிடையாது. எதிர்ப்பு வந்தது. இதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. திருவிழா தள்ளிவைக்கப்பட்டது, மழை காரணம் என்றார்கள். அந்த மழைக்கு நல்ல அரசியல் ஞானம்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ்காரர் கேட்டால் பதில் சொல்லணுமில்லையா. அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம். அங்கே 2021-இல் அமலுக்கு வந்த சட்டப்படி பசு, காளை, எருது, கன்று எதையும் அறுக்கக்கூடாது. 13 வயசு தாண்டின எருமைக்கு மட்டும் விலக்கு. இந்தப் பக்கம் 1958-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டம். மாடு 10 வயசு தாண்டியிருக்கணும், உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லை என்று சான்று வேணும். பசுவை அறுக்கக்கூடாது என்று 1976-இல் தனியாக ஓர் அரசாணை. 2017 மே மாசம் மத்திய அரசு சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கவே கூடாது என்று விதி கொண்டுவந்தபோது, அதை முதலில் நிறுத்தி வைத்தது உயர்நீதிமன்ற மதுரைக் கிளைதான். அதே வாரம் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவரை அடித்து, கண்ணில் காயப்படுத்தினார்கள்.

ஆகவே சட்டப்படி நம்ம சட்டிக்கு வருவது பத்து வயசு தாண்டி, ஏர் இழுத்து, வண்டி இழுத்து ஓய்ந்த மாடு. கறி முறுக்கமாக இருக்காமல் என்ன செய்யும்? ஆட்டுக்கறி வேகிற நேரத்தில் இது சூடுகூட ஏறாது. அதனால்தான் மத்தியானமே அடுப்பு மூட்டணும். கறியைக் கொழுப்போடு மஞ்சள்தூள் போட்டு முதலில் சும்மா வதக்கணும், எண்ணெய் ஊற்ற அவசரப்படக் கூடாது, அதன் கொழுப்பே உருகி எண்ணெயாகும். பிறகு சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, வறுத்து அரைத்த மல்லி, காய்ந்த மிளகாய், மிளகு. ஒரு பப்பாளிக்காய்த் துண்டு போட்டால் சீக்கிரம் மெத்தென்று ஆகும். பெரிய கட்டையாக இரண்டு விறகு அடியில் வைத்து நிதானமாக எரியவிடணும். உப்பைக் கடைசியில் போடணும் என்பது எங்க பாட்டி சட்டம். எலும்பை விட்டுவிட்டுக் கறி மட்டும் வாங்குகிற நாகரிகம் இப்போது வந்திருக்கிறது, அது ருசியைக் குப்பையில் போடுகிற வேலை.

இதற்குக் கேழ்வரகுக் களிதான் ஜோடி. நொய் வெந்த தண்ணீரில் மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி பறித்து, கிளறாமல் வேகவிட்டு, அப்புறம் பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டணும். தோள்பட்டை கழன்று போகும். எழுபது எண்பது பேருக்குக் களி கிண்டுவது மண்வெட்டி வேலை.

மாட்டுக்கறி என்றதும் நம்ம ஆட்களிலேயே சிலர் பாபாசாகேப்பை இழுக்கிறார்கள். 'அவரே விடச் சொன்னாரே' என்று. எதை விடச் சொன்னார்? 1927 மார்ச்சில் மஹத் மாநாட்டில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊரான் வீட்டில் மாடு செத்தால் நம்ம தாத்தன் போய் இழுத்துக்கொண்டு வரணும், கூலிக்குப் பதில் அந்தக் கறிதான் என்று இருந்த அடிமை ஏற்பாட்டை. நம்ம பக்கமும் செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக எத்தனை சேரிகள் அடி வாங்கின என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அது மறுப்பின் வரலாறு. இன்றைக்கு நாம் கடையில் நம்ம கூலிக் காசைக் கொடுத்துக் கிலோ கணக்கில் வாங்குவது அதற்கு நேர் எதிரான காரியம். 1948-இல் வந்த 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் அவர் எழுதியதையும் படிக்கணும். பார்ப்பனர்களும் ஒருகாலத்தில் மாட்டுக்கறி தின்றவர்களே, பௌத்தத்தோடு நடந்த மேலாதிக்கப் போட்டியில் அதை விட்டார்கள், விடாமல் தொடர்ந்த சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். பௌத்தம் தழுவிய தோழர்கள் சிலர் எந்தக் கறியும் வேண்டாம் என்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. 'அவங்க வர்றாங்க, அதனால வேணாம்' என்பவர்களோடுதான் வழக்கு.

மஹத் என்றால் நமக்கு ஞாபகம் வருவது சௌதார் குளத்துத் தண்ணீர். அன்றைக்கு, மார்ச் 20, இன்னொன்றும் நடந்தது. குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அடுத்து கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, சாதி இந்துக்கள் தடியோடு பந்தலுக்குள் புகுந்தார்கள். ஊருக்குத் திரும்புமுன் அங்கே சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடித்தார்கள், பாத்திரங்களை உடைத்தார்கள், சமைத்த சோற்றை மண்ணில் கொட்டினார்கள். தண்ணீரைத் தொட்டதற்குத் தண்டனை சோற்றுக்கு. நாம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அரசியல் என்பது நம்மைவிட அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

சமபந்தி என்கிற விஷயத்துக்கு வருகிறேன். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பையன்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924, 25-இல் நடந்த சண்டை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. அதற்கும் முன்னால் 1917-இல் கேரளத்துச் செறாயில் சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் சேர்த்து உட்காரவைத்துச் சாப்பிட்டார். அதற்காகச் சொந்த சாதிக்காரர்கள் அவருக்குப் 'புலையன் அய்யப்பன்' என்று பட்டப் பேர் வைத்தார்கள். அவரும் அதை வாங்கி மேலே போட்டுக்கொண்டார். இந்த மாதிரி ஆட்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பின்னால் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 15-க்கும் பிப்ரவரி 3-க்கும் கோயிலில் பொதுவிருந்து, அதிகாரி இலை முன்னால் உட்கார்ந்து போட்டோ. சாம்பார், வடை, பாயசம். 2022-இலிருந்து ஏப்ரல் 14 'சமத்துவ நாள்', ஆபீஸில் உறுதிமொழி. நானும் வலது கையை நீட்டிப் படிக்கிறேன். மத்தியானம் அதே மேசை, அதே நாற்காலிகள்.

இதில் எப்போதும் ஒரு திசைதான். அவர்கள் பந்தியில் நமக்கு ஓர் இலை போடுவார்கள், நாம் போய் உட்காரணும். நம்ம அடுப்பில் வெந்ததை அவர்கள் வாயில் வைப்பார்களா என்று திருப்பிப் பாருங்கள், சாயம் வெளுக்கும். 2018-இல் அவினாசி பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊர் திரண்டது. முதலில் அந்தம்மாவைத்தான் இடம் மாற்றினார்கள், போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். 2023-இல் காலை உணவுத் திட்டத்திலும் கரூர் மாவட்டத்தில் அதே கதை, கலெக்டர் நேரில் போய்ச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே மாட்டுக்கறி இல்லை தோழர்களே. உப்புமா, பொங்கல், சாம்பார். ஆகவே வெஜிடபிள் பிரியாணி போட்டால் வந்துவிடுவார்கள் என்பது நம்ம மாணவத் தம்பியின் நல்ல மனசு. வராதவனுக்கு உறுத்துவது சட்டிக்குள் இருப்பது இல்லை.

1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் சமபந்தியைப் போதாது என்று தள்ளினார். சேர்ந்து சாப்பிட்டு சாதி செத்ததில்லை, ரத்தம் கலக்கணும் என்றார். நம்ம மாவட்டத்தில் அதற்குக் கிடைக்கிற பதில் நமக்குத் தெரியும். 2018 நவம்பரில் ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சாதி மாறிக் கல்யாணம் பண்ணின இரண்டு பிள்ளைகளைக் கொன்று காவிரியில் போட்டார்கள்.

2023 ஏப்ரல் 14-ஐ நான் மறக்கவில்லை. ஊத்தங்கரைப் பக்கத்தில் ஒரு கிராமம். திருப்பூரில் வேலை செய்தபோது பழகி, தலித் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆதிக்க சாதிப் பையன். அப்பன் ஏற்கவில்லை. அப்பனைப் பெற்ற கிழவி ஏற்றுக்கொண்டாள். வருஷப் பிறப்புக்கு அந்தப் பாட்டி வீட்டுக்குத்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அப்பன் அரிவாளோடு வந்து மகனை வெட்டிக் கொன்றான். தடுத்த தன் தாயையும் கொன்றான். அந்தப் பெண் பயங்கர வெட்டுக் காயங்களோடு பிழைத்தாள். முந்தின நாள், நாம் இங்கே மாலை போட்டு மைக்கில் பேசிக்கொண்டிருந்த அதே நாள், அந்தக் கிழவி வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். பேத்தி மாதிரி ஒருத்தியை உட்காரவைத்துச் சோறு போட்டிருப்பாள். எந்த இயக்கத்திலும் இல்லாதவள், எந்த உறுதிமொழியும் படிக்காதவள். தன் சாதியிடமிருந்து கதவைத் திறந்துவிட்டாள், அதற்கு உயிரை விலை கொடுத்தாள். 'சங்கடமா இருக்கும்' என்று நாம் யாருக்காகக் கவலைப்படுகிறோமோ, அந்தத் தோழர்களிடம் இந்தக் கிழவியைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆகவே என் முடிவு: மாட்டுக்கறிதான். கூடவே பாரூர் ஏரி மீன் வாங்கி, மாங்காய் போட்டு ஒரு சின்னச் சட்டிக் குழம்பு. சித்திரையில் நம்ம ஊர்த் தோப்பில் மாங்காய்க்கா பஞ்சம்? அது மாட்டுக்கறி பிடிக்காத நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும், டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பெரியவர்களுக்கும், வருகிற தோழர்களுக்கும் பொது. கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும் இருக்கும். மாட்டுக்கறி தின்று காட்டினால்தான் சாதி ஒழிப்பாளன் என்று நாக்குக்குப் பரீட்சை வைக்கிற வேலை நமக்கு வேண்டாம். எவன் எதைத் தின்றாலும் சரி, ஒரே அடுப்பில் வெந்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து, நம்ம வீட்டுத் தட்டில் தின்னட்டும். 'சாப்பிட்டுத்தான் வந்தேன், ஒரு டீ மட்டும்' என்கிற வசனத்தோடு வருகிறவர்களுக்கு டீயும் கிடையாது என்று எழுதத்தான் ஆசை, பெண்கள் திட்டுவார்கள், அதனால் டீ உண்டு.

பெண்கள் என்றதும் ஒன்று. ஏப்ரல் 14 ராத்திரி விருந்தை இதுவரைக்கும் யார் சமைத்தது? மாங்கூழ் ஆலையிலும் ஓசூர் கம்பெனியிலும் ஷிப்டு முடித்துவிட்டு வந்த நம்ம அக்காமார்கள், அத்தைமார்கள். கூட்டத்தில் பேச ஆண்கள், களி கிண்டப் பெண்கள். கறியைத் துண்டு போடுகிற வரைக்கும் ஆம்பளை வீரம் இருக்கும், வெங்காயம் உரிக்கும்போது ஒருத்தனையும் காணோம். விருந்து முடிந்து ஆண்கள் நாற்காலியைப் போட்டு இரவெல்லாம் சித்தாந்தம் பேசுவோம், சுரண்டல் பற்றியும் பேசுவோம், பின்னால் அடிப்பிடித்த அண்டாவை யாரோ சுரண்டிக்கொண்டிருப்பார்கள். இந்தத் தடவை சமையல் பொறுப்பு முழுக்க ஆண் தோழர்களுக்கு. பக்குவம் சொல்ல மூன்று அக்காமார்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் பேசி ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. 'உருப்பட்டாப்பலதான்' என்று ஒருத்தர் சிரித்தார், இருந்தாலும் சம்மதம்.

வேலைப் பங்கீடு வருமாறு. 13-ஆம் தேதியே விறகு வந்து சேரணும். கறிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மிச்சம் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கணும். 14-ஆம் தேதி ஊர்வலம் முடிந்ததும் மாணவர்கள் நேராக வெங்காயம் உரிக்க வரணும், சட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள். மூன்று மணிக்கு அடுப்பு. களிக்குத் தோள் பலம் உள்ள ஆறு பேர் வேணும், இதுவரை நாலு பேர்தான் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கத்துத் தோழர்களும் வெளியூர்த் தோழர்களும் வருகிறீர்களா இல்லையா என்று 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள், குடும்பத்தோடு வந்தால் எத்தனை பேர் என்றும். கேழ்வரகு அரைக்கக் கொடுக்கணும்.